படிக்க முடியாத பத்திரிகை அடிப்பது எப்படி?

கல்யாணப் பத்திரிகை படிப்பதற்காக அடிக்கப்படுவதில்லை. இது தெரியாதவர்கள்தான் கடைக்காரரிடம் போய், "எழுத்து கொஞ்சம் தெளிவா இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு, சமையல்காரரிடம் 400 இலைக்குப் பேசி, 800 பேர் வந்து நிற்கும் பந்தியில் கையைப் பிசைகிறார்கள். மண்டபத்தின் பெயர் எல்லோருக்கும் புரிந்தால் எல்லோரும் வந்துவிடுவார்கள். பத்திரிகை வைக்காமல் விட்டால் ஆயுசு முழுக்கப் பேச்சு கேட்க வேண்டும்; வைத்தாலோ சோறு போட வேண்டும். வைத்த மாதிரியும் இருக்க வேண்டும், வந்துவிடவும் கூடாது என்கிற இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வு கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. நம் டிடிபி சென்டர்களில் அதற்கு ஸ்கிரிப்ட் ஃபாண்ட் என்று பெயர்.

பார்த்திருப்பீர்கள். வலப்பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு எழுத்தும் அடுத்த எழுத்தைத் தொட்டுக்கொண்டே போகும். கீழே இறங்குகிற கோடு தடித்தும், மேலே ஏறுகிற கோடு மயிரிழையாகவும் இருக்கும். பெரிய எழுத்துகளுக்குத் தலையில் ஒரு சுருள், காலில் ஒரு சுருள். எட்வர்டியன் ஸ்கிரிப்ட், பேலஸ் ஸ்கிரிப்ட், குன்ஸ்ட்லர் ஸ்கிரிப்ட் எல்லாம் மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு வந்து நம் கம்ப்யூட்டர்களில் வெகுகாலமாகக் குடியிருப்பவை. ஆப்பிள் வைத்திருப்பவர்களுக்கு ஸ்னெல் ரவுண்ட்ஹேண்டும் ஸாஃபினோவும் உண்டு. இரண்டும் இல்லாதவர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் கிரேட் வைப்ஸ் இருக்கிறது. ஆக, பணமில்லை என்று யாரும் பின்வாங்க வழியில்லை.

கடையில் இந்தப் பெயரெல்லாம் சொல்லத் தேவையில்லை. ஆபரேட்டர் தம்பி, "இங்கிலீஷ் மேட்டருக்கு எது சார் போடட்டும்?" என்பார். "நல்லா ரிச்சா, வளைஞ்சு வளைஞ்சு இருக்குமே தம்பி, அது" என்றால் போதும். அவர் பட்டியலை உருட்டுவார். ஒவ்வொரு ஃபாண்டிலும் உங்கள் மகளின் பெயர் திரையில் ஒரு முழ அகலத்துக்கு மின்னும். அந்த அளவில் எந்த ஸ்கிரிப்ட் ஃபாண்டும் அழகாகத்தான் இருக்கும். அச்சாகப் போவது 11 பாயிண்டில் என்பதை அவர் சொல்ல மாட்டார், நீங்களும் கேட்டுவிடாதீர்கள்.

ஃபாண்ட் முடிவானதும் செய்ய வேண்டிய முதல் காரியம், மேட்டர் முழுவதையும் கேப்பிட்டலில் அடிக்கச் சொல்வது. இந்த ஒன்றைச் சரியாகச் செய்தால் மீதியில் பாதி தானாக நடந்துவிடும். காரணம் இதுதான். ஸ்கிரிப்ட் ஃபாண்டில் கேப்பிட்டல் என்பது சுவாமி புறப்பாட்டின் முன்னால் போகிற யானை. அது ஒன்று போகும், பின்னால் சின்ன எழுத்துகள் கோத்துக்கொண்டு வரும். வார்த்தைக்கு ஒன்று என்ற கணக்கில்தான் அதற்கு அவ்வளவு அலங்காரம். நீங்கள் யானைகளை மட்டும் வரிசையாக நிறுத்திவிட்டால் ஒன்றின் தும்பிக்கை இன்னொன்றின் வாலில் சிக்கிக்கொள்ளும், சுவாமி எங்கே என்று யாருக்கும் தெரியாது.

கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். டி என்ற கேப்பிட்டலுக்குச் சாய்ந்த ஒரு தண்டு, உச்சியில் ஓர் அலை. எஃப் என்ற எழுத்துக்கும் அதே தண்டு, அதே அலை. இடுப்பில் ஒரு சின்னக் குறுக்குக்கோடு கூட. அந்தக் குறுக்குக்கோடு மயிரிழை. ஐ-யும் ஜே-யும் பிரிவது, வால் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குகிறதா என்பதில். எஸ், எல் இரண்டுக்கும் மேலே சுருள், கீழே சுருள், நடுவில் பாம்பு. வார்த்தைக்குள் வந்தால் பின்னால் வருகிற எழுத்துகளை வைத்து ஊகித்துக்கொள்ளலாம். இனிஷியலில் அந்த ஊகத்துக்கும் இடமில்லை. தமிழனுக்கு இது தெய்வம் தந்த வரம். அப்பா பெயர், தாத்தா பெயர், சில வீடுகளில் ஊர்ப் பெயரும் சேர்ந்து பெயருக்கு முன்னால் ஒற்றை ஒற்றை எழுத்தாக நிற்கின்றன. டி.எஸ். சுந்தரம் பத்திரிகையில் எஃப்.எல். சுந்தரமாகத் தெரிவார். "இது யாரு பெரியப்பா எஃப்.எல்.? நம்ம சைடா, அவங்க சைடா?" என்று தம்பி மகன் கேட்பான். சுந்தரத்துக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வரும்.

பட்டங்களையும் விட்டுவிடாதீர்கள். பி.இ., எம்.எஸ்., அடைப்புக்குறிக்குள் யு.எஸ்.ஏ. எல்லாம் அதே ஃபாண்டில், அதே கேப்பிட்டலில், இடையிடையே புள்ளியோடு. மாப்பிள்ளை பல லட்சம் செலவழித்து வாங்கிய படிப்பு ஏழெட்டுச் சுருளில் அடங்கிவிடும். என்ன படித்தார் என்பதைப் பெண் வீட்டு உறவினர்கள் பந்தியில் விசாரித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இந்த இடத்தில் ஓர் ஆபத்து வரும். எல்லாக் குடும்பத்திலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புரூஃபை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து, "ஏம்ப்பா, இது என்ன எழுத்து?" என்று கேட்கிற, ரிட்டையர் ஆன மாமா ஒருவர் இருப்பார். "ராயல் ஸ்டைல் மாமா, அந்தக் காலத்து ராஜா வீட்டு எழுத்து" என்று சொல்லிச் சமாளியுங்கள். அது பொய்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் பத்திரிகையின் கௌரவம் போய்விடும்.

உண்மை என்னவென்றால், இது கணக்குப்பிள்ளை எழுத்து. 17, 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் சார்லஸ் ஸ்னெல் (1667–1733) என்று ஓர் எழுத்தாசான் இருந்தார். பையன்களுக்கு இறகுப் பேனா பிடிக்கக் கற்றுக்கொடுப்பது, காப்பி புத்தகம் போடுவது, கணக்கு சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவருடைய தொழில். எழுத்துக்கு அளவும் விதியும் வேண்டும் என்பதில் கறாரானவர். எழுத்தின் விதிகள் விஷயத்தில் ஜான் கிளார்க் என்ற சக ஆசானோடு அச்சிலேயே சண்டை போட்டவர். 1720-இல் சவுத் சீ கம்பெனியின் பங்குகள் வானத்துக்கு ஏறி, அதே வேகத்தில் தரையில் விழுந்து இங்கிலாந்தே அழுதபோது, அந்தக் கம்பெனி இயக்குநர் ஒருவரின் நிறுவனமான சாப்ரிட்ஜ் அண்ட் கம்பெனியின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்க ஓர் ஆளைப் பிடித்தார்கள். அந்த ஆள் இதே ஸ்னெல்தான். தொழில்முறை ஆடிட்டிங்கின் வரலாறு எழுதுகிறவர்கள் அவருடைய அந்த அறிக்கையை இன்றைக்கும் ஆரம்பப் பக்கங்களில் வைக்கிறார்கள். உங்கள் மகளின் பத்திரிகையில் ரோஜாப்பூவுக்குப் பக்கத்தில் வளைந்து நெளிகிற ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட், ஓர் ஆடிட்டரின் கையிலிருந்து வந்தது.

ரவுண்ட்ஹேண்ட் என்கிற அந்தக் கை புழங்கிய இடமும் அரண்மனை இல்லை. கடை, கிடங்கு, கப்பல் அலுவலகம். அதற்கு முன் இருந்த எழுத்துகளில் சட்டக்காரருக்கு ஒரு தினுசு, நீதிமன்றத்துக்கு ஒரு தினுசு என்று இருந்தன. வெளியாள் படிப்பது கஷ்டம். சரக்கு ஏற்றி அனுப்புகிறவனுக்கு அது ஒத்துவருமா? 200 மூட்டை மிளகு 700 மூட்டையாகத் தெரிந்தால் யார் பொறுப்பு? அதனால் பேனாவை அடிக்கடி எடுக்காமல் வேகமாக எழுதவும் வேண்டும், கடலுக்கு அப்பால் இருப்பவன் ஒரு பார்வையில் படிக்கவும் வேண்டும் என்று இந்த வட்டக் கையைத் தேய்த்துத் தேய்த்துப் பழக்கினார்கள். ஜார்ஜ் பிக்கம் என்ற செதுக்குக் கலைஞர் 25 எழுத்தாசான்களின் கையைத் தாமிரத் தகட்டில் வெட்டி, 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'தி யுனிவர்சல் பென்மேன்' என்ற தொகுப்பில் 212 தகடுகள். அதில் வியாபாரத்தின் பெருமை பேசும் பக்கங்களும் ரசீது மாதிரிகளும் தாராளமாக உண்டு.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் சேருகிற பையன்களுக்கு முதல் உத்தியோகமே 'ரைட்டர்'. கணக்கு எழுதுவது, கடிதத்தை நகல் எடுப்பது. 1744-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்து இறங்கிய ராபர்ட் கிளைவ் அப்படி ஒரு ரைட்டராகத்தான் வந்தார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு அவர் என்ன செய்தார் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. நாலு கோடு நோட்டில் நம் பிள்ளைகள் இன்றும் கூட்டெழுத்து எழுதிக் கையொடிவது, அந்தக் கம்பெனி குமாஸ்தா வம்சத்தின் எச்சம்.

உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்திருக்கிற ஸ்கிரிப்ட் எழுத்து கோகோ கோலா பாட்டிலில் இருப்பதாகத்தான் இருக்கும். 1886-இல் அட்லாண்டாவில் அந்தப் பானத்துக்குப் பெயரும் வைத்து, எழுத்தும் எழுதிக்கொடுத்த ஃபிராங்க் ராபின்சன், பானத்தைக் கண்டுபிடித்த பெம்பர்ட்டனின் கூட்டாளி, கணக்கும் எழுதியவர். அங்கேயும் ஒரு கணக்கர். அமெரிக்கக் கடைகளில் அன்றைக்கு வழக்கத்திலிருந்த ஸ்பென்சரியன் கையில்தான் எழுதினார்.

மாமாவிடம் இதையெல்லாம் சொல்லாதீர்கள். "படிக்கிறதுக்குன்னு வந்த எழுத்தையா படிக்க முடியாம அடிக்கிறே?" என்று கேட்டுவிடுவார். நம் வேலைக்குத் திரும்புவோம்.

கேப்பிட்டலுக்கு அடுத்த ஆயுதம் இடைவெளி. ஸ்கிரிப்ட் ஃபாண்டின் உயிரே எழுத்துகள் சேருமிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சின்ன எழுத்தும் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில், ஒரே மெலிவில் வலப்பக்கம் கையை நீட்டும். அடுத்தது அதை மிகச் சரியாகப் பிடிக்கும். கையால் எழுதும்போது இது இயல்பு. ஈய அச்சில் இது பெரும் தலைவலியாக இருந்தது. செவ்வகக் கட்டை ஒன்றின் மேல் சாய்ந்த எழுத்தை வைத்தால் அதன் தலையும் வாலும் கட்டைக்கு வெளியே நீட்டிக்கொள்ளும். நீட்டியது உடையும். உடையாமல் இருந்தாலும் இரண்டு கட்டைக்கு நடுவில் ஒரு பிளவு தெரியும். சாய்ந்த கட்டை, படி வெட்டிய கட்டை என்று ஐரோப்பாவில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். புகைப்பட முறையில் எழுத்துக் கோக்கும் இயந்திரம் வந்த பிறகுதான் கட்டை என்கிற தொல்லையே ஒழிந்தது. ஓர் எழுத்து இன்னோர் எழுத்தின் மேல் ஏறலாம், தொடலாம், உரசலாம்.

அந்தச் சுதந்திரத்தைக் காட்டுவதற்கென்றே 1960-களின் நடுவில் அமெரிக்காவின் மெர்கெந்தாலர் லினோடைப் நிறுவனத்துக்காக மேத்யூ கார்ட்டர் செய்ததுதான் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட். கார்ட்டர் லேசுப்பட்டவரில்லை. பள்ளி முடித்த கையோடு நெதர்லாந்தின் ஹார்லெம் ஊரில் என்ஸ்கெடே அச்சகத்தில் எஃகுக் குச்சியில் எழுத்து வெட்டப் பழகியவர். ஈய எழுத்தின் கஷ்டத்தைக் கையால் அனுபவித்தவர் என்பதால், புது இயந்திரத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆடிட்டர் ஸ்னெலின் எழுத்தை அவர் எடுத்துக்கொண்டதும் பொருத்தம்தான். விதிப்படி எழுதியவன் கைதான் ஃபாண்டுக்குச் சுலபமாக அடங்கும்.

அவர் சேர்த்ததை நீங்கள் ஒரே கிளிக்கில் பிரித்துவிடலாம். வரி இரண்டு ஓரத்தையும் தொட வேண்டும் என்று ஆபரேட்டரிடம் சொல்லுங்கள். "ரெண்டு பக்கமும் ஸ்ட்ரெயிட்டா வரணும் தம்பி, அப்பத்தான் நீட்டா இருக்கும்." அவர் எழுத்து இடைவெளியைக் கூட்டுவார். நீட்டிய கைகள் எல்லாம் அந்தரத்தில் நிற்கும். சேர்ந்திருக்க வேண்டிய எழுத்துகள் சண்டை போட்ட சம்பந்திகளாகத் தள்ளி நிற்க, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு மயிரிழை துருத்திக்கொண்டிருக்கும். இடம் போதவில்லை என்றால் கோரல் டிராவில் பெட்டியின் ஓரத்தைப் பிடித்து அமுக்கச் சொல்லலாம். ரவுண்ட்ஹேண்ட் சாதாரணமாக அடிக்கோட்டிலிருந்து சுமார் 55 டிகிரியில் சாய்ந்திருக்கும். அமுக்கினால் நிமிர்ந்துவிடும், இழுத்தால் படுத்துவிடும். பெண் வீட்டார் பெயரை அமுக்கி, பிள்ளை வீட்டார் பெயரை இழுத்து, இரண்டையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவந்தால் சம்பந்திகளிடையே சமத்துவமும் நிலைநாட்டப்படும்.

போன் நம்பரையும் மண்டப முகவரியையும் தனியாகக் கவனிக்க வேண்டும். இங்கேதான் பலர் பயந்து, கடைசி நேரத்தில் சாதாரண ஃபாண்டுக்கு ஓடிவிடுகிறார்கள். ஓடாதீர்கள். பத்து இலக்கமும் ஸ்கிரிப்டிலேயே போகட்டும். 1, 7 இரண்டும் ஒரே சாய்வில் வரும். 0, 6 இரண்டும் ஒரே சுழியாக வரும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. டெலிபோன் டைரக்டரியில் மட்டமான காகிதத்தில், பொடி அளவில், மை பரவினாலும் நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனத்துக்கு பெல் சென்டென்னியல் என்றொரு ஃபாண்ட் செய்யப்பட்டது, 1978-இல். எழுத்தின் மூலைகளில் மை நிரம்பிக்கொள்ள முன்கூட்டியே சிறு வெட்டுகள் விட்டிருப்பார்கள். அதைச் செய்தவரும் இதே கார்ட்டர்தான். பிறகு கம்ப்யூட்டர் திரையில் கண் வலிக்காமல் படிக்க வெர்டானாவும் ஜார்ஜியாவும் செய்தார். எந்த வேலைக்கு எந்த எழுத்து என்று ஒரு மனிதர் இப்படிப் பிரித்துப் பிரித்து வைத்திருக்க, அவருடைய அலங்கார எழுத்தில் நாம் மணமகளின் சித்தப்பா நம்பரை அடிக்கிறோம்.

அச்சுக்கு வருவோம். அளவு 11 பாயிண்ட் என்றேன், அது தாராளம். ஸ்கிரிப்ட் ஃபாண்டில் மேலே நீளும் கொம்புக்கும் கீழே தொங்கும் வாலுக்குமே பெரும்பகுதி உயரம் போய்விடுவதால், ஏ, ஈ, ஓ போன்ற சின்ன எழுத்துகளின் வயிறு மிகச் சின்னதாக இருக்கும். டைம்ஸ் ரோமனில் 12 பாயிண்டில் தெரிகிற அளவுக்கு ஸ்கிரிப்டில் தெரிய வேண்டுமானால் 18, 20 என்று போக வேண்டியிருக்கும். நீங்கள் 9-க்கு இறங்குங்கள். பிறகு அட்டை: அரக்கு நிறத்தில், சொரசொரப்பாக. அதன்மேல் கோல்டு ஃபாயில். சூட்டோடு அழுத்தும்போது ஃபாயில் மயிரிழைகளில் ஒட்டாமல் விட்டுவிடும், சின்ன வயிறுகளை அடைத்துவிடும். ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் மெல்லிய கோடுகள் வலைத்துணியின் கண்ணிகளில் மாட்டிப் புள்ளி புள்ளியாக அறுந்து வரும். இரண்டிலும் தடித்த கோடுகள் மட்டும் மிஞ்சி, சாய்வான குச்சிகளின் வரிசை ஒன்று காட்சி தரும்.

அந்த மயிரிழை ஏன் அவ்வளவு மெலிதாக இருக்கிறது என்று கேட்பீர்கள். அது அச்செழுத்துக்கென்று பிறந்த கோடு இல்லை. தாமிரத் தகட்டில் கூர் உளியால் கீறி, கீறலுக்குள் மையை ஏற்றி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் அழுத்தினால், கீறலில் இருக்கிற மை காகிதத்தில் ஒரு முடி அளவுக்கு எழும்பி நிற்கும். விரலால் தடவினால் தட்டுப்படும். பேனாவால் எழுதியதைச் செதுக்கியவன் இன்னும் நயமாகச் செதுக்க, அதைப் பார்த்துப் பேனாக்காரர்கள் இன்னும் மெலிதாக எழுத முயல, இப்படி ஒருவரை ஒருவர் துரத்தித்தான் எழுத்து இந்த மெலிவுக்கு வந்தது. பின்னால் வந்த வளையும் எஃகு நிப்பில், அழுத்தினால் முனை விரிந்து கோடு தடிக்கும், அழுத்தத்தை விட்டால் கூடிக்கொண்டு மெலியும். 1994-இல் எட் பெங்கியட் செய்த எட்வர்டியன் ஸ்கிரிப்ட் இந்த எஃகு நிப்பின் குணத்தைப் பிடித்தது. (பெங்கியட் யாரென்று கேட்கிற பிள்ளைகளிடம், 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் தலைப்பு அவர் செய்த இன்னொரு எழுத்து என்று சொல்லுங்கள், மரியாதை கூடும்.) இவ்வளவு நயத்தையும் அரக்கு அட்டையில் ஃபாயில் போட்டு அமுக்குகிற சுகம் தனி.

தமிழ்ப் பக்கத்தை மறந்துவிட்டோமே. அதற்கும் வழி உண்டு. உங்கள் கடைக்காரர் இன்னும் பாமினி முறையில் தட்டச்சு செய்கிறவராக இருக்க வேண்டும். அந்த முறையில் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். மேலே தமிழ்ச் சட்டை. மேட்டர் முழுவதையும் செலக்ட் செய்து ஸ்கிரிப்ட் ஃபாண்டை மாட்டினால் சட்டை கழன்றுவிடும். 'திருமணம்' என்பது ஜே, பி, பெரிய யூ, கே, இசட், கே, அரைப்புள்ளி என்று, அதுவும் அழகாகக் கோத்துக்கொண்டு, சாய்ந்து, சுருளோடு நிற்கும். பார்க்க வெகு கம்பீரம். ஏதோ லத்தீன் வாசகம் என்று நினைத்துச் சிலர் கண்ணில் ஒற்றிக்கொள்ளவும் கூடும்.

கொஞ்சம் வசதியானவர்கள் ஸாஃபினோவுக்குப் போகலாம். ஹெர்மன் ஸாஃப் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் வரைபடம் வரைகிறவராக இருந்தபோது, 1944-இல் தன் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்த எழுத்து அது. அந்தக் காலத்து அச்சுக்குள் அடங்காமல் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து, 1998-இல் கம்ப்யூட்டர் ஃபாண்டாக வந்தது. ஒரே எழுத்துக்கு நாலைந்து வடிவம்; பக்கத்தில் எது வருகிறது என்று பார்த்து மாற்றிக்கொள்ளலாம். ஆப்பிள் கம்ப்யூட்டரில் அதன் பெயரையே தட்டினால் ஏழு எழுத்தும் சேர்ந்து ஒற்றைக் கோலமாகிவிடும். வால்கள் மிக நீளம் என்பதால் வரிகளுக்கு நடுவில் ஏராளமான வெற்றிடம் விட வேண்டும். விடாதீர்கள். மேல் வரியின் வால் மணமகன் பெயரைக் குறுக்கே அடித்துவிட்டுப் போகும். கீழ் வரியின் கொம்பு பிள்ளையார் வயிற்றில் குத்தும். ஒரு வடிவத்தோடு நிறுத்தாமல், சுருள் அதிகமான மாற்று வடிவங்களையே எல்லா இடத்திலும் போடச் சொன்னால் பார்த்தவர்கள், "எவ்வளவு செலவாச்சு?" என்று கேட்பார்கள். என்றைக்குக் கல்யாணம் என்று கேட்க மாட்டார்கள்.

அடுத்து புரூஃப். இதைப் பிழை பார்க்கத் தகுதியானவர்கள் உங்கள் வீட்டார் மட்டுமே. மகள் பெயர் உங்களுக்குத் தெரியும், மண்டபம் தெரியும், தேதி தெரியும். தெரிந்ததைக் கண் தானாகவே படித்துவிடும். சுருளுக்குள் எஸ் இருக்கிறதா எல் இருக்கிறதா என்று தேடவே தேடாது. "நல்லாத்தான இருக்கு, படிக்க முடியுதே" என்று வீடே ஒருமுகமாகச் சொல்லும். எக்காரணம் கொண்டும் வெளியாளிடம் காட்டாதீர்கள். முக்கியமாக வாசலில் நிற்கிற ஆட்டோக்காரரிடம் நீட்டி, "அண்ணே, இந்த அட்ரஸ் எங்க வருது?" என்று கேட்டுவிடாதீர்கள். அவர் அட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். நீங்கள் மனம் மாறிவிடுவீர்கள்.

இப்படி மனம் மாறியவர்களின் கோஷ்டி ஒன்று இருக்கிறது. எச்சரிக்கிறேன். இவர்கள் மணமக்களின் பெயர் இரண்டை மட்டும் ஸ்கிரிப்டில் போடுவார்கள். அதுவும் முதலெழுத்து ஒன்று கேப்பிட்டல், மீதி சின்ன எழுத்து. அளவு 36 பாயிண்டுக்குக் குறையாது. இடைவெளியில் கைவைக்க மாட்டார்கள். இனிஷியல், பட்டம், தேதி, முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் காரமண்ட் மாதிரி அடக்கமான ஏதாவதொன்றில் நேராக நிறுத்திவிடுவார்கள். வெள்ளை அட்டை, கறுப்பு மை, சுற்றிலும் காலி இடம். அந்த இரண்டு பெயரும் அங்கே ஆடிட்டர் ஸ்னெல் பார்த்தாலே திருப்திப்படுகிற மாதிரி தெளிவாகக் கோத்துக்கொண்டு நிற்கும். வாங்கிப் பார்க்கிறவர்கள், "என்ன, ரொம்ப சிம்பிளா முடிச்சிட்டீங்க போல" என்பார்கள். முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் குடும்பத்தோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தும் விடுவார்கள். அப்புறம் இலை போதவில்லை என்று என்னிடம் வரக் கூடாது.

கல்யாணம் முடிந்தாலும் ஃபாண்ட் கம்ப்யூட்டரில் இருக்கும். வீணாக்க வேண்டாம். புதிதாகக் கடை திறக்கிறீர்களா? பெயர்ப்பலகையை ஸ்கிரிப்டில் எழுதி, நிழலும் போட்டு, ஓரத்துக்கு மஞ்சள் கோடும் கொடுங்கள். நிறுத்தத்தில் நிற்காமல் போகிற பேருந்திலிருந்து பார்க்கிறவனுக்கு ஏதோ ஒரு பேக்கரி என்பது மட்டும் தெரியும்; நீங்கள் ஹார்டுவேர் கடை வைத்திருந்தாலும் சரிதான். பள்ளிக்கூடச் சான்றிதழ்களில் இதன் ஆட்சி ஏற்கெனவே ஸ்திரமாக இருக்கிறது. தலைப்பு, வாழ்த்து, பள்ளியின் பெயர் எல்லாம் எட்வர்டியன் ஸ்கிரிப்டில் பொன்னிறமாக ஓடி வந்து, நடுவில் ஒரு புள்ளிக்கோட்டில் முட்டி நிற்கும். அந்தக் கோட்டில்தான் பிள்ளையின் பெயர் வர வேண்டும். 300 சான்றிதழ்களை ஒரே மத்தியானத்தில் முடிக்க வேண்டிய பி.டி. மாஸ்டர், தீர்ந்துபோகிற நீலப் பந்துமுனைப் பேனாவால் அதை நிரப்புவார். அந்தச் சான்றிதழில் மனிதக் கை பட்ட இடம் அது ஒன்றுதான்.

கையெழுத்துக்கும் பயன்படுத்தலாம். ஆன்லைனில் ஒப்பந்தம் போடும்போது பெயரைத் தட்டச்சு செய்தால், மென்பொருளே அதை மூன்று நான்கு ஸ்கிரிப்ட் ஃபாண்டுகளில் எழுதிக்காட்டி, "எது உங்கள் கையெழுத்து?" என்று கேட்கும். எதுவும் உங்களுடையதாக இருக்காது. இருப்பதில் அதிகச் சுருள் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்; வீட்டுக்கடன் வாங்குகிறவன் கையெழுத்து கொஞ்சம் வசதியானவன் கையெழுத்தாகத் தெரிவது நல்லது. பிறகு ஒருநாள் கிளைக்குக் கூப்பிட்டு, ஒரு படிவத்தை நீட்டி, "இதே மாதிரி இங்க ஒண்ணு போடுங்க சார்" என்று சொன்னால் மட்டும், பேனாவைக் கையில் எடுக்காமல், பிரிண்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேளுங்கள்.